மாதிரி எண் பதினேழு

நூக்குஸில் தண்ணீர் கொதித்தால்
கெட்டிலின் அடியில் வெள்ளையாய் ஒரு படலம்.
ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் வாலைவடித்த நீர்.
நான் குடிப்பது குழாய்த் தண்ணீர்.

இருபத்திரண்டு பைகள் வந்திருந்தன.
பச்சை மையில் பதினொன்று: தோட்டம்.
சிவப்பு மையில் பதினொன்று: காடு.
காடு என்பது ஒரு பேச்சுக்கு.
அமு தர்யா தடம் மாறிப்போன பிறகு
நாணலும் முள்ளும் உப்பும் மிஞ்சிய மண்ணை
வேறு எப்படிச் சொல்வது?

எல்லாம் அதிமதுரம்தான்.
தோட்டத்து வேர் நேராக இருக்கும்,
அளவெடுத்துத் தைத்த மாதிரி.
மற்றது முறுக்கிக்கொண்டு வரும்.
அரைக்கும்போது இயந்திரம் இருமும்.

சலித்தேன், மெத்தனாலில் ஊறப்போட்டேன், வடிகட்டினேன்.
ஊசியில் பத்து மைக்ரோலிட்டர்.
அப்புறம் காத்திருப்பதுதான் வேலை.
திரையில் தட்டையாய் ஒரு கோடு போய்க்கொண்டே இருக்கும்.
பதினாலாவது நிமிடத்தில் கிளைசிரைசின் எழும்:
தோட்டத்து வேருக்கு ஒரு மேடு,
காட்டு வேருக்கு நட்டமாய் ஒரு மலை.

பிபிஜமால் சொல்வாள்,
"வேளாவேளைக்குச் சாப்பிட்ட பிள்ளைகள் இவை.
இதுகளுக்குச் சொல்ல என்ன இருக்கும்?"
புத்தகம் இதையே இழுத்துச் சொல்லும்:
நீர் குறைந்தால், உப்பு ஏறினால்
செடி வளர்வதைக் குறைத்துக்கொண்டு
உள்ளே சேர்க்கத் தொடங்கும்.
நாம் அதை இனிப்பு என்கிறோம்.
செடி அதை என்னவென்று சொல்லும், தெரியாது.

பதினேழாம் பையில் பச்சை மை.
பதினாலாவது நிமிடத்தில் கோடு ஏறியது,
ஏறிக்கொண்டே போனது.
ஊசியைக் கழுவினேன். மறுபடி செலுத்தினேன்.
குழலை மாற்றி மூன்றாம் முறை.
மலைதான்.

முதலில் திருட்டு என்று நினைத்தேன்.
ஆற்றோரம் ராத்திரியில் தோண்டி
தோட்டத்துப் பையில் கட்டுவது இங்கே புதிதல்ல.
அதைக் கண்டுபிடிக்கவும் சேர்த்துத்தான் சம்பளம்.
பையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

எடுத்தவள் துர்சுனாய்.
"நாங்கள் நட்டதுதான். கயிறு பிடித்து நட்டோம்.
வந்து பாருங்கள், வரிசை இன்னும் தெரியும்.
இரண்டாம் வருஷம் பம்பு போயிற்று,
அடுத்து வாய்க்கால்.
அய்த்முராத் அக்தவுவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.
நாலு வருஷம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.
இப்போது பணம் வேண்டியிருந்தது, தோண்டினோம்.
என் உயரத்துக்குக் கீழே போயிருந்தது.
ஏன், வேர் சரியில்லையா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.
இருபத்திரண்டில் இதுதான் அதிகம் என்றேன்.
கொஞ்ச நேரம் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.
"விலையும் அதிகமா?"

விலை எடைக்கு.
முறுக்கிய வேர் தராசில் இளைத்துத்தான் நிற்கும்.
அதை அவளிடம் சொன்னது நானில்லை;
சிம்பாய் ஆலைக்காரன் சொல்லிக்கொள்ளட்டும் என்று
போனை வைத்துவிட்டேன்.

படிவத்தில் இரண்டே கட்டம்.
பயிரிட்டது. தானாய் வளர்ந்தது.
பேனா இரண்டுக்கும் நடுவில் நின்று
ஒரு புள்ளி வைத்துவிட்டது, அதை அழிக்க முடியவில்லை.
பச்சைக் கட்டத்தில் குறியிட்டேன்.
குறிப்புக்கு ஒரு வரி இடம்:
"நட்டது. பிறகு விட்டது."
பிபிஜமால் படித்துவிட்டு,
இதற்கு அலகு என்ன என்று கேட்டாள்.

மாலையில் குழலைக் கழுவவிட்டு
கோடு தரையில் படுக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
மாதிரியை வாயில் வைக்கக் கூடாது,
சுவரில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
பதினேழை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
அப்புறம் பதினாறை.
இரண்டும் இனித்தன.
எது எதுவென்று என் நாக்குக்குத் தெரியவில்லை.