இரண்டாம் துளி

வெறும் வயிற்றில் ஒன்று,
சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று
கோட்டாறில் சர்க்கரைக்காரர்களின் விரல்களைக்
குத்திக்கொண்டிருந்தவள் நான்.
ஞாயிற்றுக்கிழமை மணக்குடிக்கு வர முடியுமா என்றார்கள்.
காது மடல்தான். ஏழு பிள்ளைகள். பஸ் காசு தனி.

காயல் கரையில் மூடிப்போன ஐஸ் கம்பெனி.
உள்ளே, உப்பு அரித்த தரையில்
தண்ணீரில்லாத வள்ளம்:
ஒரு தண்டவாளம், சறுக்கும் இருக்கை,
பிடியோடு ஒரு சங்கிலி,
கூண்டுக்குள் விசிறிச் சக்கரம்.
இழுத்தால் காற்று உறுமும், மீட்டர் ஓடும்.
சுவர் மட்டும் பக்கத்திலேயே நிற்கும்.

நாலு நிமிடம் அவர்களுக்கு, ஒரு நிமிடம் எனக்கு.
அடுத்த நாலு நிமிடம் இருபத்தைந்து வாட் கூட.
இப்படி ஏழு படி.
ஏற ஏற இரத்தத்தில் லாக்டேட் ஏறும் என்றார்
கிலாரியூஸ் சார்.
"நாலைத் தாண்டினா உடம்பு
கடன் வாங்கத் தொடங்குது, கேட்டியளா?"
கடன் என்றால் எனக்குப் புரியும்.

ஆறாவதாக பெனிற்றா.
உள்ளங்கை முழுக்க பிளாஸ்திரி.
"வலிக்கும் பிள்ளே" என்றேன், வழக்கம்போல.
"வலிக்கத்தானே எக்கா வந்தது."
நான் ஊசியைச் சொன்னேன்.
அவள் துடுப்பைச் சொன்னாள்.

ஒன்று புள்ளி மூன்று.
ஒன்று புள்ளி ஐந்து.
இரண்டு.
நாலாம் படியில்
ஒன்பது புள்ளி எட்டு.

சார் அவளைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார்.
"போதும். இறங்கு."
அவளும் ஏனென்று கேட்கவில்லை.
குனிந்து கால்வாரைத் தளர்த்தினாள்.
அடுத்தவள் அதற்குள் முடியை முறுக்கிக் கட்டுகிறாள்.
யாரும் சொல்லாததால்
விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

என் கையில் பஞ்சு
காய்ந்து, வெள்ளையாக, புதிதாக.

துடை. குத்து. முதல் துளியை வழித்தெறி. இரண்டாவதை எடு.
வியர்வையிலும் லாக்டேட் உண்டு, இரத்தத்தைவிடக் கூடவே.
காலையில் அவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
கழுத்தோரம் இறங்கி காதில் தொங்கிய வியர்வையைத்தான்
அளந்திருக்கிறேன்.
எண்ணித் தந்த ஸ்ட்ரிப்.
கூடுதலாக ஒன்றே ஒன்று.
கோட்டாறில் ஒரு எண் பிசகினால்
யாரோ ஒருவர் ஒரு வாரம் வாழைப்பழம் தின்னமாட்டார்.
அவ்வளவுதான்.

"சார், அது வியர்வை."
"என்னது?"
"இந்தப் பிள்ளைக்க இரத்தம் இல்ல சார். துடைக்க விட்டுப்போச்சு. நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
நேரம் தவறிவிட்டது, இப்போது குத்திப் பயனில்லை.
நாலாம் படியை முதலிலிருந்து வலிக்க வேண்டும்
அவள்,
என் தப்புக்கு.

என்னைப் பார்க்காமல் வாரை இறுக்கினாள்.
நாலு நிமிடம் எவ்வளவு நீளம் என்று
அன்றுதான் தெரிந்தது எனக்கு.
மூன்று முறை துடைத்தேன். குத்தினேன்.
முதல் துளி பஞ்சுக்குப் போனது.
இரண்டாவது,
இரண்டு புள்ளி ஒன்பது.

பிறகு நாலு ஆறு. எட்டு ஒன்று.
ஏழாம் படியில் பன்னிரண்டு நாலு.
முகம் சாம்பலாகி, இருக்கையிலிருந்து சரிந்து
மீன் வாளியில் காலைக் கஞ்சி முழுவதையும் கக்கினாள்.
பஞ்சோடு குனிந்து நின்றேன்,
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"ஒன்பது எட்டுன்னு வந்தப்போ நம்பிட்டியளா எக்கா?"
"ஆமா."
"நானும்."

ஏழு பேரில் மூன்று பேருக்குத்தான் இடம்.
புதன்கிழமை பட்டியல் வருமாம்.
எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

திங்கள் காலை, வெறும் வயிற்றோடு ஒரு லாரி டிரைவர்
விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
"இன்னும் எத்தன தடவதாம்மா துடைப்ப,
குத்து."