கெட்டில் மகன்கள் மூவர்

என் பெயர் கெட்டில். ஐஸ்லாந்து மொழியில்
தண்ணீர் கொதிக்கும் பாத்திரப் பெயரும் அதுவே.
அப்பன் வைத்தது. சின்ன வயதில் சிரித்தேன்.
மூன்று பையன் பிறந்த பின்னால்
முழுப் பொருளும் விளங்கக் கொதித்தேன்.

மூத்தவன் உல்வுர்; ஓநாய் எனப் பொருள்.
பார்த்ததைக் கடிப்பான்; பாக்கி விட்டது இருள்.
நடுவன் ஸ்டெய்ன்; அதற்குக் கல் என்று அர்த்தம்.
நகரச் சொன்னால் நகரமாட்டான்; நகர்ந்தால் வீடே யுத்தம்.
கடைக்குட்டி ஓர்முர்; பாம்பு எனப் பெயரிட்டோம்.
கம்பளிக்குள் நுழைந்துவிட்டால்
தலை எது, கால் எது, தேடிக் களைத்துவிட்டோம்.

பேர் வைக்கும் முன்னே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.
பஞ்சு, பனி, தூக்கம் என்று
பதிவேட்டில் வேறு பக்கம் வாசித்திருக்கலாம்.

பனிக்காலத்தில் வெளியே கிளம்ப
முக்கால் மணி ஆகும்.
காலுறை ஆறு, கையுறை ஆறு,
கணக்கில் ஒன்று காணாமல் போகும்.
முட்டி போட்டு, மூச்சு வாங்கி,
கடைசி பூட்ஸை மாட்டும் தருணம்
"அப்பா, ஒண்ணுக்கு!" என்பான் ஓர்முர்.
அதுவும் ஒரு மரணம்.

மறுபடி எல்லாம் கழற்றினோம்.
மறுபடி எல்லாம் மாட்டினோம்.
அதற்குள் கல்லுக்குப் பசித்தது.
கல்லின் ரொட்டியை
ஓநாய் ஓரமாய் ருசித்தது.

பனி தள்ளும் வண்டி ஓட்டுவது என் பிழைப்பு.
மலைச்சாலையிலிருந்து விடியும் முன்னே அழைப்பு.
"எங்க அப்பா மலையையே தள்ளுவார்!"
பள்ளிக்கூடத்தில் உல்வுரின் அறிவிப்பு.
தள்ளுவேன் மகனே, தள்ளுவேன்;
உங்கள் அறையில் குவிந்த சட்டையை
எந்த எந்திரம் வைத்து அள்ளுவேன்?

ராத்திரி ஆனால் கேள்வி நேரம்.
"திமிங்கலம் தும்மினால் யார் துடைப்பார்?"
"தீவுக்கு அடியில் நெருப்பு என்றால்
யார் அதைப் போய் அடைப்பார்?"
"காயப்போட்ட மீனுக்கு மேலே குளிராதா?"
"பற்பசை முழுக்கத் தின்றுவிட்டால்
வயிற்றில் நுரை வராதா?"

கடைசிக் கேள்வி கேள்வி அல்ல,
வாக்குமூலம். ஓடினேன்.
காலிக் குழாயைக் கட்டிலடியில்
கைவிளக்கோடு தேடினேன்.
ரக்னாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
ஃபோனில் சொன்னாள்:
"பால் கொடு, படுக்க வை, பதறாதே."
பின்னால் மெல்ல ஒரு சிரிப்பு:
"பாவம் கெட்டில். பொங்கிச் சிதறாதே."

எங்கள் ஊரில் மலைக்குப் பின்னே
இரண்டு மாதம் சூரியன் ஒளியும்.
ஜனவரிக் கடைசியில் ஒருநாள் முகட்டில்
நாலு நிமிடம் பொன்னாய் வழியும்.
அன்றைக்குக் காப்பி, அன்றைக்கு பேன்கேக்,
ஊரே ஜன்னலில் மொய்க்கும்.
பதினேழு சுட்டேன். மூன்றால் வகுத்தேன்.
மிஞ்சிய இரண்டு
வீட்டுக்குத் தீ வைக்கும்.

அந்த இரண்டுக்கு மூண்ட போரில்
நாற்காலி ஒன்று விழுந்தது.
ஜாம் பறந்தது, கல் உருண்டது,
ஓநாய் ஊளையிட்டு எழுந்தது.
நடுவே நின்று நான் கத்தி முடித்துத்
திரும்பிப் பார்த்தால்
சூரியன் வந்து போயிருந்தது.

ஜன்னலில் மிச்சம் சாம்பல் மலைதான்,
அதன் கீழே வழக்கம்போல் சாலைதான்.
அறுபது நாளாய்க் காத்திருந்தேன்;
கிடைத்தது கருகிய வேளைதான்.

"அப்பா," என்றது கல். (அது பேசுவது அபூர்வம்.)
"உன் தாடியில் கொஞ்சம் சூரியன் ஒட்டியிருக்கு."
தடவிப் பார்த்தேன். ருபார்ப் ஜாம்.
செவசெவ என்று, கையளவு.
துடைக்கத் துணி தேடுவதற்குள்
பாம்பு ஏறி வந்து நக்கிவிட்டது.

இந்த ஊரில் மகனின் பின்பெயர்
அப்பன் பெயரில் சேரும்.
கெட்டில்சொன், கெட்டில்சொன், கெட்டில்சொன் என்று
பள்ளிப் பதிவில் மூன்று முறை ஏறும்.
உங்களுக்குப் பிள்ளை பிறந்தால்
என் பெயர் உதிரும், உங்கள் பெயர் ஒட்டும்.
ஓநாய்க்குப் பிறந்த குட்டி ஒன்று
நடுராத்திரி உன் கதவைத் தட்டும்.
அன்றைக்கு எனக்கு ஃபோன் போடு, உல்வுர்.
எடுக்கமாட்டேன்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
சூடாறாத காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.