வலது மட்கார்டு

மே மாதம்.
அலகாஷ் ஆற்றின் கடைசிப் பனிக்கட்டியும்
போன வாரம் கரையை இடித்துக்கொண்டு போய்விட்டது.
காட்டுப் பாதையெல்லாம் முழங்கால் சேறு.
பழைய டயர் அதில் கரண்டி மாதிரிக் கிளறும், நகராது.
அதனால்தான் இந்தப் பெரிய டயர்கள்:
இருபத்தேழு அங்குலம், பல் பல்லாக,
உருளைக்கிழங்குக் கிடங்கில் இரவு வேலை பார்த்த
பதினொரு வாரக் காசு.

மாட்டியாயிற்று. நேராகப் போனால் குறையே இல்லை.
ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்தால்
மட்கார்டுக்குள் கரகரவென்று ஒரு முனகல்.
இடப்பக்கம் லேசாக.
வலப்பக்கம், ரப்பர் கருகும் நாற்றம் வருமளவுக்கு.

வெட்டத்தான் வேண்டும்.

வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டேன்.
எச்சில் தொட்டு அழித்தேன். மறுபடி போட்டேன்.
நகத்தை வெட்டினால் வளரும்,
முடியை வெட்டினால் வளரும்.

ஒருகாலத்தில் இது சிவப்பு.
பதினாறு கோடை வெயில் குடித்து
இப்போது வெந்த மீனின் நிறம்.
டீலரின் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடத்தில் மட்டும்
உள்ளங்கையளவு அசல் சிவப்பு,
வாங்கிய அன்று இருந்தபடியே.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
ஜெர்வே டார்ச் பிடிக்கிறான்.

ஜிக்சாவை வேகமாக விட்டால் பிளாஸ்டிக் உருகுகிறது.
பிளேடு கடந்ததும்
அறுத்த வாய் பின்னாலேயே ஒட்டிக்கொள்கிறது,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
ஓர் அடி அறுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால்
பிளந்திருப்பது நாலு விரல்.
"மெதுவா, ஓடீல்" என்கிறான்.
"தெரியும்" என்கிறேன்.
சுருள் சுருளாகத் தூள் என் ஸ்வெட்டர் கையில் ஏறி
உதறினாலும் போக மாட்டேன் என்கிறது.

இடது கீற்று தரையில் விழுந்தது,
தின்று போட்ட தர்பூசணித் தோல் மாதிரி.

பிறகு வலது.
பாதி அறுபட்டுத் தொங்கும்போதே
டார்ச் வெளிச்சம் என் கையை விட்டுக்
கூரைக்குப் போய்விட்டது.
"இங்கே காட்டு."
காட்டினான்.

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை
உள்பக்கமாக வளைந்திருக்கிறது.
அதன்மேல் வெல்டு, மென்று துப்பிய பபிள்கம் போல.
அதற்கும் மேல், அவசரமாக அடித்த கறுப்புப் பெயின்ட்,
ஒரு சொட்டு வழிந்து
அப்படியே காய்ந்து நிற்கிறது.

போன நவம்பரில் மான் வேட்டைக்கென்று கேட்டு
ஒருநாள் எடுத்துப்போனான்.
இருட்டியபின் திருப்பிக் கொண்டுவந்தபோது
வண்டி பளபளவென்று கழுவியிருந்தது.
சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாதவன்!
நான் அதை அன்பென்று எடுத்துக்கொண்டேன்.
நின்ற இடத்திலேயே முத்தமும் கொடுத்தேன்.

"மரமா, மானா?"
ஆற்றுச் சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது.
"மரம்" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"கல்லாகவும் இருக்கலாம்."

புது இரும்புக் கைக்கு இருநூற்று நாற்பது டாலர்.
காசு முழுக்க டயராக நிற்கிறது.
ஆகவே பென்சிலை எடுத்து
வலப்பக்கம் இன்னும் இரண்டு விரற்கடை
மேலே தள்ளிக் கோடு போட்டேன்.
வெளிச்சம் இந்தமுறை ஆடவில்லை.
அரத்தால் தேய்த்து, சூடுகாட்டி ஓரத்தை மழுக்கி,
தோட்டத்து ஹோஸைக் கீறி விளிம்பில் செருகினான் அவன்,
கேட்காமலேயே, குனிந்த தலை நிமிராமலேயே.

இப்போது வண்டிக்கு
ஒரு புருவம் ஏறியிருக்கிறது.

காலையில் நீர்நாய் கட்டிய அணையைப் பார்க்கப் போனேன்.
அது அடைத்த குழாயை நான் திறப்பதும்
நான் திறந்ததை அது அடைப்பதும்
நாலு வருட வழக்கு.
சேற்றில் இறங்கி, முழுக்க ஒடித்தேன்.
முனகல் இல்லை.
ஏறிவிட்டது வண்டி, எருமை மாதிரி.

டயர் அள்ளிய சேற்றைத் தடுக்க
வலப்பக்கம் இனி என்ன இருக்கிறது?
காதிலிருந்து தாடை வரைக்கும்
ஒரே அறை.

இடக்கன்னம் சுத்தம்.
துடைக்கவில்லை.
இப்படியே வீட்டுக்குப் போகிறேன்,
ஜெர்வே காபி ஊற்றும் நேரத்துக்கு.