கலியோப்பியின் கேள்வி

தீவில் இருந்துகொண்டு தீவுக்கு எதற்கு,
லங்காவி போதாதா
என்று மகள் கேட்டாள், ஷா ஆலாமிலிருந்து.
நான் பதில் சொல்லவில்லை.
கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

குணசீலன் முப்பத்தோரு வருடம்
பட்டர்வொர்த் ஃபெர்ரியின் வயிற்றுக்குள் இருந்தவர்.
கால் மணி நேரக் கடலை
நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை கடந்தவர்,
ஒரு தடவையும் பார்க்காமல்.
இஞ்சின் அறைக்கு ஏது சன்னல்.
"மேல்தட்டில் உட்கார்ந்து போகிற மாதிரி
ஒரு கடல் வேண்டும்" என்றார்
ஓய்வு பெற்ற நான்காம் வருடம்,
ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே.
அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே
முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டியவள்.
ஆகவே பொடி எழுத்தெல்லாம் என் பொறுப்பு.
வியாழன் கப்பல் தவறினால் ஞாயிறுதான் என்பது,
காப்புறுதிப் பாரத்தில்
"ஏற்கனவே உள்ள நோய்கள்" என்ற கட்டம்
(அவருக்குச் சர்க்கரை, எனக்கு அழுத்தம்,
அதற்குமேல் இடமில்லை),
வெள்ளியை யூரோவாக வகுத்து வகுத்து
ஜெலுத்தோங் பாசாரில்
தக்காளியைக்கூட யூரோவில் பார்க்கிறேன்.
ஊறுகாய் பாட்டிலைக்
காலுறைக்குள் சுருட்டி வைப்பதாக முடிவு.

தீவின் பெயரை யாருக்கும் சொல்லவில்லை.
கண்படும் என்றில்லை,
வாயில் வரவில்லை.
அவர் ஒரு மாதிரி சொல்கிறார், நான் ஒரு மாதிரி.
இரண்டும் தப்பாக இருக்கலாம்.

வீட்டுச் சொந்தக்காரி பெயர் கலியோப்பி.
அனுப்பிய படத்தில் கொடியில் ஒரு சட்டை காய்கிறது,
யாருடையதோ.
துறையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி,
வண்டி வராது,
முழங்கால் எப்படி, என்று கேட்டிருந்தாள்.

அதனால் ஞாயிறுதோறும் தண்ணீர்மலை.
ஐந்நூற்றுப் பதின்மூன்று படி.
முதல் வாரம் நூறில் உட்கார்ந்துவிட்டோம்.
மூன்றாம் வாரம் இருநூற்று எழுபது.
"என்ன வேண்டுதல், பேரப்பிள்ளைக்கா?"
என்றாள் பூ விற்கும் அங்கம்மா.
மூச்சு வாங்கியபடி தலையாட்டிவைத்தார்.
முருகன் காட்டிக்கொடுக்க மாட்டான்.
உலகம் சுற்றியவன் அவன்.
பழம் கிடைக்காவிட்டால் என்ன,
பார்த்தாயிற்றே.

போன வாரம் கலியோப்பியிடமிருந்து
இன்னொரு கடிதம், ஒரே வரி:
ஒரு கட்டில் போடவா, இரண்டா?

அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல்.
பிறகு எனக்கு இரவு, அவருக்குப் பகல்.
தூக்கம் கலையக் கூடாதென்று
பின்னறைக்குப் போனவர்
மகள் படித்து முடித்து, கல்யாணமாகி,
ஷிஃப்ட் என்பதே ஒழிந்த பிறகும்
திரும்பி வர மறந்துவிட்டார்.
நானும் கூப்பிட மறந்துவிட்டேன்.
சண்டை ஒன்றும் இல்லை.
பத்தொன்பது வருடம்
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குறட்டை,
நன்றாக எண்ணெய் விட்ட இஞ்சின்போல.

படித்துக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்தார்.
"எது மலிவு?"
ஒரே விலை என்றேன்.
"ஓ" என்றார்.
எழுந்து போய்
மின்விசிறியை ஒரு எண் கூட்டினார்.

ஒன்று என்று தட்டினேன், அழித்தேன்.
இரண்டு, ஆனால் பக்கத்தில் பக்கத்தில்
என்று தட்டினேன்.
முன்பின் தெரியாதவளிடம்
இதையெல்லாம் எப்படிச் சொல்வது.

இந்த ஞாயிறு முந்நூற்று நாற்பதாவது படியில்
என் தோளைப் பிடித்துக்கொண்டார்,
முழங்காலுக்காகத்தான்.
உச்சியில் நின்று பார்த்தால்
கூரைகளுக்கு அப்பால் கடல்,
நடுவில் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல்
ஒரு ஃபெர்ரி.
"இவ்வளவு அகலமா?" என்றார்.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு,
"அந்த அம்மாவுக்கு எழுதிவிடு."

எதை என்று சொல்லவில்லை.
கையை எடுக்கவும் இல்லை.