பதினைந்து மீன்கள்

பகலெல்லாம் அடுத்தவர் பிழைக்கு அம்பு ஒட்டுவது என் தொழில்.
கொம்பனித்தெரு, மூன்றாம் மாடி, மாதிரி அறை.
தோள்மூட்டில் ஒரு தையல் தாவியிருந்தால்
சிவப்பு அம்பு.
காலர் ஒரு நூலளவு சாய்ந்தால்
சிவப்பு அம்பு.
ஆறு வருசத்தில் எத்தனை அம்பு விட்டேனோ,
ஒருத்தியின் முகமும் தெரியாது.

இரவில் ஊசி எடுக்கிறேன்.

இந்த வெக்கையில் பின்னலா என்று
கேட்காத ஆளில்லை வெள்ளவத்தையில்.
கம்பளி இல்லை, பருத்தி.
கையில்லாத மேற்சட்டை.
புறக்கோட்டையில் ஃபவ்சான் நானா நிறுத்துத் தந்த நூல்:
உடம்புக்கு நீலம், விளிம்பில் அலைக்குப் பச்சை,
மீனுக்குச் செவ்விளநீர் நிறம்.
நூற்றெண்பது கண்ணி. பன்னிரண்டுக்கு ஒரு மீன்.
இடுப்பைச் சுற்றிப் பதினைந்து.

முதல் வட்டத்தைச் சேர்க்கும்போதே முறுக்கிவிட்டேன்.
நாலாம் சுற்றில்தான் கண்டேன்,
எட்டாம் இலக்கம் மாதிரி மடிந்து கிடந்தது விளிம்பு.
அதற்கு மருந்தில்லை.
உருவினேன்.

பிறகொரு செவ்வாய் கரண்ட் போனது.
நிறுத்தியிருக்கலாம்.
ஃபோன் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும்
ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.
விடியப் பார்த்தால்
மீனின் வயிற்றுக்கடியில் ஏழு கண்ணி பாசி.
மொட்டை ஊசியில் நீலம் கோத்து
ஒவ்வொரு கண்ணியின் மேலும் அதே வழியே போய் வந்தேன்.
கிட்டப் பார்த்தால் அந்த இடம் கொஞ்சம் தடிப்பு,
நுளம்பு கடித்தது போல.

பெரிய பிழை பிறகு வந்தது.
நீலம் பின்னும்போது மற்ற நிறம்
பின்னால் சும்மா வர வேண்டும்.
சும்மா வருவதற்கும் இடம் விட வேண்டும்.
நான் விடவில்லை.
இழுத்து இழுத்துப் பின்னியிருக்கிறேன், அலுவலகத்துப் பிடியிலேயே.
போட்டுப் பார்த்தபோது
தலை போனது, ஒரு தோள் போனது,
நெஞ்சில் நின்றுவிட்டது.
இரு கையும் மேலே, முகம் நூலுக்குள்,
மீன்களெல்லாம் நெற்றி சுருக்கிக்கொண்டு.
இரவு வேலை முடித்து வந்த ஜெரோமினா
கதவிலேயே நின்று சிரித்தாள்.
பிறகு சப்பாத்தைக் கழற்றாமலே
என்னை உருவி எடுத்தாள்.

இருபத்திரண்டு சுற்று அவிழ்த்தோம்.
அவிழ்ந்த நூல் நூடில்ஸ் போலச் சுருண்டது.
அவள் இரண்டு கையையும் நீட்டினாள், நான் சுற்றினேன்.
பாதியில் தூங்கிப்போனாள்,
கை மட்டும் நீட்டியபடி,
பொலிஸிடம் பிடிபட்டவள் மாதிரி.
வோர்ட்டில் எத்தனை பேரைப் புரட்டிப் படுக்க வைத்த கை.
நூலைக் கழற்ற மனமில்லாமல்
ரயில் நாலு போகும்வரை எதிரே இருந்தேன்.

வைகாசியில் முடித்தேன்.
முடித்தேன் என்று சொல்லக்கூடாது:
பதினைந்தாவது மீனின் வாயில் ஒரு நுனி
உள்ளே செருகாமல் தொங்கியது,
தூண்டிலை அறுத்துக்கொண்டு வந்தது போல.
ஏழு நாற்பது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போட்டுக்கொண்டு ஓடினேன்.

நெரிசல். ஒரு பக்கம் கடல்.
பின்னால் நின்ற பெண் முதுகைத் தட்டி
சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.
நல்லது செய்யத்தான். நுனியை விரலில் சுற்றி
அறுக்கப் போனாள்.
எப்பா! என்று கத்தினேன்.
எந்த மொழியில் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.
பெட்டி முழுக்கத் திரும்பியது.

அவள் விரல் அப்படியே நின்றது.
பிறகு மெல்ல, சட்டைக்குள்ளே
நூலைத் தள்ளிவிட்டு
மேலே இரண்டு தட்டுத் தட்டினாள்.
கொள்ளுப்பிட்டியில் இறங்கிப் போனாள்.

ஒன்பது மணிக்கு முதல் பிளவுஸ் மேசைக்கு வந்தது.
அக்குளில் ஒரு நூல்.
அம்பு ஒட்டினேன். ஒட்டத்தான் வேண்டும், அதற்குத்தான் சம்பளம்.
ஒட்டுவதற்கு முன் ஒருதரம் உட்புறம் புரட்டிப் பார்த்தேன்,
இவள் எந்த வழியால் போய் வந்திருக்கிறாள் என்று.