ஸ்கோர் நோட்டு

மழை விட்ட மறுநாள் பார்த்தால்
கடப்பாக்கம் ஏரிக்குள் கிடந்தது எங்கள் பிட்ச்.
ஆட்டம் இல்லை. நோட்டு மட்டும் கையில்.

கூழைக்கடா பதினொன்று,
சரியாக ஒரு டீம்.
பாதி முழுகிய மின்கம்பத்தில்
நீர்க்காகம் சட்டை உலர்த்தியது.
முக்குளிப்பானை மட்டும் எண்ணவே முடியவில்லை:
மூன்று என்று எழுதினால் இரண்டு,
அடித்துத் திருத்துவதற்குள் ஐந்து.

தையில் இடுப்பளவு.
ஊசிவால் வாத்து நாற்பதுக்கு மேல் என்றான் எபினேசர்.
நம்பவில்லை, எழுதிக்கொண்டேன்.
மணலிப் பக்கம் ரிஃபைனரிச் சுடர்
விடிய விடிய எரிய,
அந்த வெளிச்சத்தில் ஒரு வக்கா
நைட் ஷிப்ட் பார்த்தது.

மாசியில் கணுக்கால்.
லாங் ஆன் இருந்த இடத்தில்
நெடுங்கால் உள்ளான்கள், பேன்ட்டை மடித்துவிட்ட மாதிரி.
நத்தை குத்தி நாரை போன வழியெல்லாம்
காலி ஓடுகள்.
கூழைக்கடா: சைபர்.

பங்குனிக் கடைசி. சேறு வெடித்துவிட்டது.
ஸ்டம்ப்போடு இறங்கினோம்.
மிட் ஆனுக்கு மேலே ஆள்காட்டி
கத்திக் கத்திச் சுற்றியது.
கீழே நான்கு முட்டை,
மண்ணா முட்டையா என்று
மண்டியிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தணிகா ரொம்ப நேரம் பேட்டில் சாய்ந்து நின்றான்.
பிறகு குதிகாலால் கோடு கிழித்தான்.
‘இதத் தாண்டுனா டெட் பால்.
எவனும் எடுக்கப் போகக் கூடாது.’

இதுவரை ஏழு பந்து அங்கே கிடக்கிறது.
பறவை எண்ணிய பக்கத்தில் எழுதுவதா,
ரன் எழுதும் பக்கத்திலா?
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
அடுத்த ஓவர் ஆரம்பித்துவிட்டது.