அரைப் பேர்

பாடத் தெரிவுப் படிவத்தை
அதிபர் விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்:
கலைப்பிரிவு எடு பிள்ளை, பாஸ் நிச்சயம்.
கணிதம் என்றால் நீயும் டில்ருக்‌ஷனும் மட்டும்தான்.
ரெண்டு பேருக்கு ஒரு வகுப்பறையா?

வெளியே மழை. நோர்வூட் பஸ் திணறி ஏறும் சத்தம்.
இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல்.
மூன்று கட்டத்திலும் நானே புள்ளடி போட்டேன்.
ஈரக் கை. மை ஊறிப் பக்கத்துக் கட்டத்துக்கும்
கொஞ்சம் போனது.

முதலாம் தவணை முடியக் கணித சேருக்கு இடமாற்றம்.
வெண்கட்டிப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.
தொகையிடல் பாதியில் நின்றது.
கரும்பலகையில் நாலு நாள் அழியாமல் கிடந்தது
அந்த நீண்டு வளைந்த குறி,
கொழுந்துச் சாக்கு மாட்டும் தராசுக் கொக்கி மாதிரி.

பிறகு ஞாயிறுகளில் ஹட்டன்.
நாலரைக்கு எழும்பி, ஐந்தே காலுக்கு முதல் பஸ்.
தகரக் கொட்டகையில் இருநூறு பேர்.
கடைசி வாங்கு என்றால் முகம் கிடையாது,
மைக்கில் வரும் குரல் மட்டும்.
மாதக் காசு அம்மாவுக்கு மூன்று நாள் பேர்.
யாரும் சொல்லவில்லை,
சம்பளத் துண்டைப் பார்த்து நானே வகுத்தேன்.
கணக்குப் படிக்கிறவளிடம் எதை மறைப்பது?

நிரஞ்சலா கலைப்பிரிவு எடுத்தாள்.
அவளும் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.
கரண்ட் போன இரவுகளில் லயத்து வாசலில்
போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
சமவுயரக் கோடுகள் வரைவாள்.
நாங்கள் மூச்சிரைக்க ஏறும் மலை
அவள் தாளில் விரல் நுனி அகலம்.

பெறுபேறு வந்த இரவு
சிக்னலுக்காகப் பிரட்டுக்களத்து மேட்டில் நின்றோம்.
அவளுக்கு இரண்டு ஏ, ஒரு பி.
எனக்கு ஒரு சி, இரண்டு எஸ்.
டில்ருக்‌ஷன் பரீட்சைக்கே வரவில்லை,
கொழும்பில் புடவைக் கடையில்
அப்போதே எட்டு மாதம்.

எஸ் என்றால் என்ன என்று கேட்டாள் அம்மா.
பாஸ்தான், ஆனால் கெம்பஸுக்கு...
நான் முடிக்கவில்லை.
'அரைப் பேரா?' என்றாள்.

பதினெட்டு கிலோ கேட்கும் நாளில்
பதினாலு எடுத்தால் போடுவது அதுதான்.
சரிவில் நின்றது முழு நாள்.
அட்டை குடித்தது முழு ரத்தம்.
பேர் மட்டும் பாதி.
அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.
சோற்றைப் போட்டு, மாசிச் சம்பலைப் பக்கத்தில் வைத்து,
தராசுக்காரனிடம் சண்டை பிடிக்கத் தெரியாத மகளை
ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான்.

எடுத்தது பெறுமதியா என்று
இப்போதும் கேட்கிறார்கள்.
நிரஞ்சலாவைப் பார்த்தால் இல்லை.
டில்ருக்‌ஷனைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கே காசு வேண்டும்.
என்னைப் பார்த்து நான் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஹட்டனில் போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறேன்,
அதே தகரக் கொட்டகைக்கு எதிரே.
நேற்று இருநூறு பிரதி கேட்டு ஒரு டியூட் வந்தது.
தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கப் போனவள் நின்றேன்.
ஏழாவது வரி:
சைன் தொகையிடப்பட்டுக் கொசைன் ஆன இடத்தில்
சயக் குறியைக் காணோம்.
'மெஷின் சூடாகிக் கிடக்கு, என்ன யோசனை?'
என்றார் முதலாளி.
பேனையை எடுத்தேன்.
எள்ளளவு கோடு.

இருநூறும் சரியாக வந்தன, சுடச் சுட.
கொண்டுபோன பையன் எண்ணிக்கையை மட்டும் பார்த்தான்.

இருநூற்றொன்றாவதை மடித்து
என் பைக்குள் வைத்தேன்.
சம்பளத்தில் அதற்கும் பிடிப்பார்,
சாக்கு ஈரத்துக்கென்று இரண்டு கிலோ பிடிப்பதுபோல.

பிடிக்கட்டும்.